கசத்தில் இறங்கிய மாப்பிள்ளை

புது மாப்பிள்ளையிடம் யாரும் உண்மை பேசுவதில்லை. அவன் பாடினால் நல்ல குரல் என்பார்கள், பாடாவிட்டால் அடக்கமான பிள்ளை என்பார்கள். தப்பான வழியில் நடந்தால்கூட, அந்த வழியும் எங்காவது போய்ச் சேரத்தானே செய்யும் என்று பின்னாலேயே வருவார்கள். இந்த மரியாதையை நான் முழுசாக நம்பினேன். நான் செய்த மற்ற முட்டாள்தனங்களெல்லாம் என்னோடு போயின (பெண்டாட்டிக்கும் கொஞ்சம் பங்கு போனது, அது அவள் தலைவிதி). இந்த ஒன்று மட்டும் ஒரு குளத்தின் தலையில் விடிந்தது.

அப்போது கன்னியாகுமரி ஜில்லா என்று ஒன்று கிடையாது. நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். எனக்கு வயது இருபத்துநாலு, விவசாய இலாகாவில் டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். ஆறு மாதம் பயிற்சி கொடுத்து, ஒரு காக்கி அரைக்கால் சட்டையும், மண் மாதிரி எடுக்க ஒரு டஜன் கண்ணாடிப் புட்டிகளும் தந்து அனுப்பியிருந்தார்கள். நாஞ்சில் நாட்டு விவசாயி இத்தனை காலமும் தப்பாகவே பயிர் செய்துவிட்டான், இனி நான் போய்ச் சரி செய்தால்தான் உண்டு என்று மனதார நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்றங்காலில் நெல் எது, புல் எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது என்பது வேறு விஷயம்.

தை மாதம் பகவதியைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் ஊர் தோவாளைக்குக் கிழக்கே. வீட்டின் பின்வாசலைத் திறந்தால் குளத்தங்கரைதான். கல்யாணம் பேசும்போது பெண் ஒரே ஒரு காரியம் கேட்டதாகச் சொன்னார்கள். வருஷா வருஷம் ஐப்பசியில் பத்து நாள் பிறந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். தீபாவளிக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று நினைத்துச் சம்மதித்தேன். அவளுக்குத் தீபாவளியில் ஒரு அக்கறையும் இல்லை. ஐப்பசியில்தான் அவள் ஊர்க் குளத்துக்குப் பறவைகள் வரும்.

சித்திரை விஷுவுக்கு மாமனார் வீட்டிலிருந்து முதல் அழைப்பு வந்தது. வடசேரியில் பஸ் ஏறினோம். அரைக்கால் சட்டையும் ஒரு புட்டியும் என் பெட்டியில் இருந்தன. பஸ்ஸில் பகவதி தன் ஊர்க் குளத்தைப் பற்றிச் சொன்னாள். கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவள் என்னிடம் தானாகப் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"சித்திரைல கொளம் வத்திப்போவும். எல்லாரும் வண்டல் வெட்டி வயலுக்கு அடிப்பாவ. ஆனா நடுவுல கசம்னு ஒரு எடம் உண்டு, கேட்டியளா. அத மட்டும் தொட மாட்டாவ. சுத்திக் கம்பு நட்டு ஓலக் கயிறு கெட்டிப் போட்டிருவாவ."

"ஏன், அங்கே சாமி ஏதாவது இருக்கா?"

"சாமியெல்லாம் இல்ல. அந்தச் சேத்துக்கு உள்ள ஆமை ஒறங்குது. விரால் பொதஞ்சு கெடக்கு. நத்தை, தவளை எல்லாம் அடியிலதான். மழ பெய்ஞ்சு வெள்ளம் வந்தா எல்லாம் எந்திரிச்சு வரும். அதத் திங்கதான நாரையும் சிறகியும் வருது. கசம் இல்லைனா கொளத்துல வெறும் வெள்ளந்தான் இருக்கும்."

கசத்தை ஒவ்வொரு வருஷமும் ஒரு வீடு முறை வைத்துக் காவல் காக்கும், கம்பு நட்ட நாளிலிருந்து முதல் மழை வரைக்கும் அந்த வீட்டுப் பொறுப்பு, இந்த வருஷம் அப்பா முறை என்றாள். பத்து வருஷம் காத்திருந்து கிடைத்த முறை என்பதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. மூளை உள்ள எவனும் அந்த இடத்தில் 'அப்படியா' என்று சொல்லி நிறுத்தியிருப்பான். நான் சதுப்பு நிலம் என்பது வீணான நிலம் என்றும், அதில் கொசுவைத் தவிர வேறு எதுவும் உற்பத்தியாவதில்லை என்றும், குளத்திலேயே நல்ல வண்டலை மூடநம்பிக்கையால் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்றும் தோவாளை வரும்வரை விளக்கினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காற்றுக்காக என்று நினைத்தேன்.

விஷுவன்று கனி கண்டு, மாமனார் கொடுத்த சரிகை வேட்டியை உடுத்தி, இலையில் உட்கார்ந்திருந்தபோது அறிவித்தேன். நாளைக் காலையில் கசத்தின் நடுவிலிருந்து மண் மாதிரி எடுக்கப் போகிறேன், இலாகாவுக்கு அறிக்கை எழுத வேண்டும்.

மாமனாரின் கை பிசைந்த சோற்றிலேயே நின்றது. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர் அவர். "நாளைக்கு நல்ல வெயிலா இருக்குமே மாப்ள" என்றார்.

"தொப்பி இருக்கு" என்றேன்.

மைத்துனன் தாணு என்னைவிட நாலு வயது இளையவன். "சுசீந்திரம் போலாமே அத்தான். வண்டி கெட்டுகேன்" என்றான். போன மாதம்தான் போனேன் என்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார், பலாப்பழம் வெட்டி வைத்திருப்பதாகவும், மாப்பிள்ளை நாளைக்குக் காலையில் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்றும் பொதுவாகக் காற்றிடம் சொன்னார். பலாப்பழத்தை வந்து சாப்பிடுகிறேன் என்றேன். இத்தனை பேர் இத்தனை விதமாகப் 'போகாதே' என்றார்கள். அவர்களுக்கெல்லாம் என் மேல் எவ்வளவு அக்கறை என்று நெகிழ்ந்து இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை குளத்துக்குள் வண்டல் வண்டிகள் வரிசையாக நின்றன. கசத்தைச் சுற்றிப் பனங்கம்பு நட்டு ஓலைக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே, அந்த வருஷம் வண்டல் வெட்டியவர்கள் ஆளுயரத்துக்குக் குழி எடுத்திருந்தார்கள். உள்ளே கறுத்த சேறும், நடுவில் ஒரு பாய் அகலத்துக்குக் கலங்கிய தண்ணீரும். நத்தைகுத்தி நாரை இரண்டு, கொக்கு பத்துப் பன்னிரண்டு. சுற்று வட்டாரத்தில் வேறெங்கும் சொட்டுத் தண்ணீர் இல்லாத காலம் என்பதால் எல்லாம் அங்கேதான் நின்றன.

காக்கி அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஊர்க்காரர்கள் புது மாப்பிள்ளையைச் சரிகை வேட்டியில் பார்க்கட்டும் என்று அதை மடித்துக்கட்டிக்கொண்டு போனேன். மடை திறந்து அடைக்கும் மாசானம் மண்வெட்டியோடு எதிரே வந்தார்.

"ஏமானே, அங்க ஆழமுண்டு" என்றார்.

"ஆழத்தில்தான் மாதிரி எடுக்கணும்."

அவர் கரையைப் பார்த்தார். கரையில் மாமனார் குடை பிடித்து நின்றார். தடுக்கச் சொல்லுவாரா என்று மாசானம் பார்த்திருக்க வேண்டும். மாமனார் குடையைத் தோள் மாற்றிக்கொண்டார். "செரி ஏமானே" என்று மாசானம் விலகி நின்றார்.

கயிற்றைத் தாண்டினேன். முதல் பத்தடி மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. இதற்கா இத்தனை பயம் என்று திரும்பிச் சிரித்தேன். பதினோராவது அடியில் முழங்கால் வரை போனது. புதிதாக ஏதோ ஒன்றில் கால் வைத்தால் பின்வாங்குவது எங்கள் பரம்பரையில் கிடையாது என்பதால் இன்னொரு காலையும் முன்னால் வைத்தேன். தொடை. அதை எடுக்க முதல் காலை ஊன்றினேன். இடுப்பு.

"அத்தான், என்ன?" என்று தாணு கூவினான்.

"ஒண்ணுமில்லை, மாதிரி எடுக்கிறேன்" என்றேன்.

உண்மையாகவே குனிந்து புட்டியில் சேற்றை அள்ளி, மூடியைத் திருகி, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு இரண்டு கை தூரத்தில் ஒரு கொக்கு நின்றது. நான் நெஞ்சு வரை போய்க்கொண்டிருந்த அதே சேற்றில் அது விரல் மட்டும் நனைய நின்று என்னைப் பார்த்தது. அதற்கு எந்த இலாகாவிலும் பயிற்சி கிடையாது.

பனம்பலகை போட்டார்கள், ஏணி போட்டார்கள். தாணு ஏணியில் குப்புறப் படுத்து வந்து கயிற்றை என் கக்கத்தில் கட்டினான். எட்டுப் பேர் இழுத்தார்கள். என் தோள் கழன்றுவிடும் போலிருந்ததே தவிர, கால் ஒரு விரற்கடை அசையவில்லை. நான் திமிறிய ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் உள்ளேதான் போனேன். அதுவரை அங்கங்கே சிரிப்புச் சத்தம் கேட்டது. சேறு கழுத்தெலும்பைத் தொட்டபோது அது நின்றுவிட்டது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். இருபத்துநாலு வயதில், மாமனார் வீட்டுக் கொல்லையில், ஒரு புட்டியைப் பிடித்துக்கொண்டு சாகப் போகிறேன் என்று அழுகை வந்தது. அழவும் செய்தேன்.

மாசானம் கரைக்குப் போய் மாமனாரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"இழுத்தா வராது. கசத்த வெட்டணும். இந்தக் குழிக்குச் சால் எடுத்து வெள்ளத்த எறக்கி, அவியளச் சுத்தி வெட்டினாத்தான் ஆளு வருவாவ."

மாமனார் கம்பு நட்ட கசம். அவர் முறை. கசத்தில் மண்வெட்டி படாமல் மழை வரைக்கும் காப்பேன் என்று ஊர் நடுவில் நின்று ஒத்துக்கொண்டது. அவர் குடையை மடக்கினார்.

"வெட்டுங்கலே" என்றார்.

இருபது மண்வெட்டி இறங்கியது. வண்டல் குழியிலிருந்து என்னை நோக்கி ஒரு வாய்க்கால் மாதிரி வெட்டிக்கொண்டே வந்தார்கள். நடுவில் நின்ற தண்ணீர் குழிக்குள் ஓடி இறங்கியது. சேறு தளர்ந்ததும் கயிற்றின் மறுநுனியைத் தாணு தன் வண்டி மாட்டில் பூட்டினான். நான் வந்தேன். சரிகை வேட்டி வரவில்லை.

ஊர் முழுக்கப் பார்த்து நிற்க, நான் குளத்துத் தரையில் எழுந்து நின்றேன். நெஞ்சிலிருந்து பாதம் வரை இரண்டு விரற்கடை கனத்துக்குச் சேறு அப்பியிருந்தது. அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது அதுதான். சேற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று இரண்டு நாள் முன்னால் பஸ்ஸில் சொன்னவன் நான்.

என்னைப் பார்த்துச் சிரித்து முடித்திருந்தால் எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கும். ஆனால் எல்லாரும் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினேன்.

வெட்டிய சேறு நெளிந்துகொண்டிருந்தது. கையளவு, முழங்கையளவு விரால்கள் கட்டிகளுக்குள்ளிருந்து புரண்டு விழுந்தன. கெளுத்தி, ஆரல். மண்வெட்டி பட்டுப் பாதியானவையும் இருந்தன. ஆமைகள் தூக்கம் கலைந்து, கண்ணில் சேறு ஒட்டி, மழை வந்துவிட்டது என்று நினைத்து வெயிலில் நடக்கத் தொடங்கின. எந்தப் பக்கம் போனாலும் வெடித்த தரைதான். மேலே பருந்துகள் கூடிவிட்டன. பிறகு ஒருவர் துண்டை விரித்தார். எப்படியும் சாகப் போகிற மீன்தானே. அதற்கப்புறம் ஊரே இறங்கியது.

மாமனார் மட்டும் கசத்தைச் சுற்றி நடந்து கம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஓலைக் கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டே போனார். இனி காப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பகவதி பின்வாசல் வழியாக ஒரு ஓலைக் கடவத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். விஷுவுக்கு எடுத்த புதுச் சேலையோடு சேற்றில் இறங்கினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. (திரும்பாததும் நல்லதுதான், நான் இருந்த கோலம் அப்படி.) நாய்களை விரட்டி, பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கி, ஆமைகளை மட்டும் பொறுக்கிக் கடவத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். ஆமை வீட்டுக்குள் வருவதை எங்கள் பக்கத்தில் யாரும் விரும்ப மாட்டார்கள். மாமியாரோ கதவை அகலத் திறந்து விட்டார். அத்தனையையும் பகவதி கிணற்றில் இறக்கினாள்.

மத்தியானம் குளித்து, மாமனாரின் பழைய வேட்டியை உடுத்தி இலையில் உட்கார்ந்தேன். விரால் மீன் குழம்பு. மாங்காய் போட்டு, தேங்காய் அரைத்து வைத்தது. கசத்து மீன் என்று எனக்கும் தெரியும், பரிமாறியவர்களுக்கும் தெரியும். புது மாப்பிள்ளைக்கு மீன் வைக்காமல் இருக்க முடியாது என்பதால் வைத்தார்கள். வைத்ததைத் தின்னாமல் இருந்தால் மரியாதையில்லை என்பதால் நான் தின்றேன். கதவுக்குப் பின்னாலிருந்து, "மாப்பிள்ளைக்கு நடுத்துண்டு ஒண்ணு வையுங்க" என்று மாமியார் குரல் வந்தது. குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. மாமனார் மோரும் ஊறுகாயும் போட்டுச் சாப்பிட்டு எழுந்தார். பகவதி சாப்பிடவில்லை.

யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் செமித்திருக்கும். இரண்டு நாள் கழித்துக் கிளம்பும்போதும் மாமனார், "மாப்ள, அடிக்கடி வாருங்க" என்றுதான் சொன்னார்.

பஸ் ஒழுகினசேரியைத் தாண்டியபோது பகவதி பேசினாள்.

"எங்கப்பா உங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. இனிமேலும் சொல்ல மாட்டாரு. அதனால நான் சொல்லுகேன். வேண்டாம்னு சொன்னது உங்களுக்கு வெளங்கல்லியா, வெளங்காத மாதிரி இருந்தேளா?"

விளங்கவில்லை என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. மாமனாரின் கை சோற்றில் நின்றதை நான் பார்த்திருந்தேன்.

புட்டி மட்டும் உடையாமல் வந்திருந்தது. அறிக்கை எழுத உட்கார்ந்தேன், ஒரு வரிகூட வரவில்லை. கசங்களை அடையாளமிட்டு ஊர்தோறும் காப்பது நலம் என்று எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதை எழுதினால், உனக்கு எப்படித் தெரியும் என்று மேலதிகாரி கேட்பார். கோழைத்தனமாகச் சும்மா இருந்துவிட்டேன்.

ஐப்பசி வந்தது. அந்த வருஷம் நல்ல மழை. குளம் கரை தளும்ப நிறைந்துவிட்டது என்று தாணு கார்டு போட்டான். பகவதியை நானே கூட்டிக்கொண்டு போனேன். குளம் நிறைந்துவிட்டதே, அதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது.

பின்வாசலைத் திறந்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது. மலை வரைக்கும் தண்ணீர். அதில் ஒரு அசைவும் இல்லை. வழக்கமாக அந்த மாதத்தில் பேச்சுக் குரல் கேட்காத அளவுக்கு இரைச்சலாக இருக்கும் என்று பகவதி முன்பு சொல்லியிருந்தாள். எனக்குத் தூரத்து வயலில் மாடு ஓட்டும் ஆளின் குரல் தெளிவாகக் கேட்டது. காலையில் ஒரு கூட்டம் சிறகி வந்து இறங்கி, கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு எழுந்து கிழக்கே போனதாம். பகவதி மத்தியானம் வரை கரையில் உட்கார்ந்திருந்தாள். பத்து நாளைக்கு வந்தவள் மறுநாளே, "போலாம்" என்றாள்.

கிணற்றில் கிடந்த ஆமைகளைத் தாணு முதல் மழையிலேயே குளத்தில் விட்டிருந்தான். வேறு குளங்களிலிருந்து பானையில் விரால் குஞ்சு கொண்டுவந்தும் விட்டான். மறு வருஷமே ஊர்க்காரர்கள் கசத்தைச் சுற்றிக் கம்பு நட்டார்கள். வேறு வீட்டு முறை. பறவைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வர ஐந்தாறு வருஷம் ஆனது. அதற்குள் கன்னியாகுமரி ஜில்லா உண்டாகி, சென்னையோடு சேர்ந்து, என் உத்தியோகமும் இடம் மாறிவிட்டது. பறவைகள் திரும்பியதை மாமனார் பார்க்கவில்லை. அந்தச் சித்திரைக்குப் பிறகு அவர் ஊர்க்கூட்டத்துக்குப் போனதில்லை, பின்வாசல் பக்கம் உட்கார்ந்ததும் இல்லை. நான் போனால் முன்வாசலில் வைத்து, "வாருங்க மாப்ள" என்பார்.

எங்கள் வீட்டில் இது சிரிப்புக் கதையாகிவிட்டது. ஊறுகாய் ஜாடியின் அடியில் நான் கரண்டியை விட்டால், "அப்பா கசத்துல எறங்குறாவ" என்று பிள்ளைகள் கத்தும். அந்தப் புட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. உள்ளே சேறு கல்லாக இறுகிவிட்டது.

மகளுக்குக் கல்யாணமாகி மருமகன் முதல் தடவை வந்தபோது, சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தார். குளியலறைத் தண்ணீர் தேங்கிச் சேம்பும் வாழையும் நிற்கிற இடம். எப்போதும் சகதிதான். தவளை கத்தும், ஒரு நீர்க்கோழி தினமும் வந்து போகும்.

"மாமா, இந்தச் சகதிய மண்ணடிச்சு சிமெண்டு போட்டா கொள்ளாமே. நாளைக்கே ஆளு கூட்டிட்டு வாறேன்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். புது மாப்பிள்ளையாயிற்றே, என்ன சொல்வது என்று தெரியவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். அடுக்களையிலிருந்து பகவதி வெளியே வந்தாள், கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை.

"வேண்டாம் மாப்ள" என்றாள். "இந்த வீட்ல ஆகாதத ஆகாதுன்னு மொகத்துக்கு நேரா சொல்லிருவோம். சொல்லாம விட்டு ஒரு கொளம் போச்சு. இரியுங்க, சொல்லுகேன்."

முழுக் கதையையும் சொன்னாள். சரிகை வேட்டி, புட்டி, பக்கத்தில் நின்ற கொக்கு எல்லாம் வந்தது. அவள் சொன்னால் நான் எழுதுவதைவிட நன்றாக இருக்கும். மருமகன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், நானும் சிரித்தேன். அவளுடைய அப்பா குடையை மடக்கிய இடம் வந்ததும் வழக்கம்போல நிறுத்தினாள். "பொறவு என்ன, வெட்டி எடுத்தாவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், அந்த இடத்துக்கு மேல் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்கப்புறம் நடந்ததையும் சேர்த்துத்தான் நான் எழுதியிருக்கிறேன்.